மாற்றி வாசிக்கும் விளையாட்டு

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவள் வெல்டர். பத்திரிகையில் வரும் ஆண்களையெல்லாம் பெண்களாகவும், பெண்களையெல்லாம் ஆண்களாகவும் மாற்றிச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பவள் சிரிக்கக் கூடாது. கேட்பவர்களுக்கு எந்த விதியும் கிடையாது.

பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் காலடியில் ஒரு இரும்புப் பெட்டிதான் அங்கே வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு அரங்கம். சாமான் ஏற்றி வந்த பெட்டியில் ஒரு ஜன்னலை வெட்டி, ஒரு மின்விசிறியை மாட்டி, 'பெண்கள் ஓய்வறை' என்று எழுதிவிட்டார்கள். மத்தியானத்தில் அதற்குள் உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடுவார். ஆனாலும் அந்த மூன்று பேரும் வேறெங்கும் போய்ச் சாப்பிட மாட்டார்கள். வெல்டர், சர்வேயர், உச்சி. உச்சி என்பது டவர் கிரேன் ஓட்டுகிறவளுக்கு மற்ற இருவரும் வைத்த பெயர். காலையில் ஏணியில் ஏறினாளென்றால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அவள் தரையை மிதிப்பாள்.

வெல்டர் செய்தி வாசிப்பாளரைப் போல முதுகை நிமிர்த்திக்கொள்வாள். "நிதியமைச்சர் இன்று கருநீலச் சட்டையில் எடுப்பாக வந்திருந்தார். இரண்டு குழந்தைகளின் தந்தையான இவர் வீட்டையும் நாட்டையும் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டதற்கு, 'எல்லாம் என் மனைவி கொடுக்கும் சுதந்திரம்' என்றார்" என்பாள். அடுத்து போர் நிறுத்தப் பேச்சுவார்த்தை. மேசையைச் சுற்றிப் பெண்களாக உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் ஒரே ஒரு ஆண் கோப்புகளை அணைத்துக்கொண்டு நிற்பான். உச்சிக்குப் புரையேறும். சர்வேயர் அவள் தலையில் தட்டுவாள்.

சிரித்து முடித்ததும் சண்டை தொடங்கும். பெண் விமானி, பெண் நீதிபதி என்று எழுதுவதில் அந்தப் 'பெண்'ணை முதலில் கழற்றி எறிய வேண்டும் என்பது சர்வேயரின் கட்சி. ஆண் விமானி என்று எவனாவது எழுதுகிறானா என்று கேட்பாள். வெல்டர் விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கோ ஒரு மூலையில் 'பெண் வெல்டர்' என்று ஒரு செய்தியைப் பார்த்ததால்தான் இந்த வேலை இருப்பதே எனக்குத் தெரிந்தது, அந்த வார்த்தை இல்லாவிட்டால் இன்றைக்கு எந்த அடுப்பங்கரையில் கிடந்திருப்பேனோ என்பாள். உச்சி எந்தக் கட்சி என்று கேட்டால், கடைசியாகப் பேசியவள் கட்சி. அவளுக்கு இருவருமே சரியாகத்தான் பட்டார்கள். சண்டை போடுவதற்கு அவளிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை, அன்றைக்கு வரை.

ஒரு நாள் உச்சியே செய்தியாகிவிட்டாள். எதிர்க் கட்டடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த இருவரின் தொங்குமேடையில் ஒரு பக்கத்துக் கம்பி அறுந்தது. மேடை செங்குத்தாகச் சாய, இருவரும் இடுப்பு வாரில் தொங்கினார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டவில்லை. உச்சி தன் கிரேனில் ஆள் ஏற்றும் கூண்டை மாட்டச் சொன்னாள். காற்று ஓயும் நேரம் பார்த்து, தெருவுக்கு மேலே கொண்டுபோய், அவர்கள் காலுக்கடியில் மெத்தென்று நிறுத்தினாள். கீழே நின்று வாக்கி டாக்கியில் வழிகாட்டியவர் சிக்னல் அண்ணன், பெரிய மீசைக்காரர். மேலே இருப்பவளுக்குக் கொக்கியின் அடிப்பக்கம் தெரியாது. அண்ணனின் குரல்தான் அவளுக்குக் கண்.

பத்திரிகைக்காரர் வந்தார், தேன் ஒழுகப் பேசினார், போனார். செய்தி வந்த அன்று உச்சி அதைப் பிரிக்கவே இல்லை. மத்தியானம் அப்படியே வெல்டரிடம் நீட்டி, "மாத்தியே வாசிடி, வேடிக்கையா இருக்கும்" என்றாள்.

வெல்டர் தொண்டையைச் செருமினாள். "துடித்தது தந்தையுள்ளம். கூச்ச சுபாவம் கொண்ட இந்த ஒல்லி இளைஞரா அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறார் என்று நமக்கு வியப்பாக இருக்கிறது. சம்பவத்தன்றும் விடியுமுன் எழுந்து, மனைவிக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாராம். 'தொங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்ததும் ஒரு தகப்பனாக என் மனசு துடித்தது. என்னை வேலைக்கு அனுப்பும் என் மனைவிக்குத்தான் நன்றி' என்று வெட்கத்துடன் சிரித்தார்."

சர்வேயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உச்சிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் இந்த அசடு என்று கேட்க வாயெடுத்தவளுக்கு, அது தானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வார்த்தைகளில் பாதியைப் பத்திரிகைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார், உண்மைதான். ஆனால் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டியவள் இவள்தான்.

"நீ எப்போடி தாயானே?" என்று சர்வேயர் கேட்டாள். உச்சிக்குக் குழந்தையே இல்லை.

"சமையல் வேற. உன் வீட்டுக்காரர் சமைச்சதைத்தானே தினம் நாங்களும் பிடுங்கித் தின்கிறோம்?" என்றாள் வெல்டர்.

அதுவும் நிஜம். உச்சியின் கணவன் முடி திருத்தும் கடை வைத்திருந்தான். கடையைத் தாமதமாகத்தான் திறப்பான் என்பதால் காலைச் சமையல் அவனுடையது. ஊர் படிக்கும் பத்திரிகையில் அதைப் போட்டால் கடைக்கு வருகிறவர்கள் அவனைக் கேலி செய்வார்களே என்று பயந்துதான் ஒரு சின்னப் பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

சின்னப் பொய் சாயங்காலத்துக்குள் பெரிதாக வளர்ந்து நின்றது. மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் அதே பத்திரிகை. மனிதர் உருகிப் போயிருந்தார், கெட்டவர் என்று சொல்ல முடியாது. "இவ்வளவு இளகின மனசை வச்சுக்கிட்டு நீங்க அவ்வளவு உயரத்துல தனியா உட்காரலாமாம்மா?" என்றார். திங்கள்கிழமை முதல் முன் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடப் போகிறாராம். கம்பெனியின் 'பாதுகாப்பு முகம்' அவள்தானாம். கையில் ஒரு குழந்தையோடு சுவரொட்டி கூட உண்டு. கிரேனுக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று. மறுநாள் காலை தொலைக்காட்சிக்காரர்கள் வந்து நேரலை செய்யும்போது அவரே இதை அறிவிப்பார். பதவி உயர்வுதான் என்று அழுத்திச் சொன்னார்.

மூன்று தங்கைகளோடு ஒரே அறையில் வளர்ந்தவள் உச்சி. தனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் அறை, மேலே அவள் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் அந்தக் கண்ணாடிக் கூண்டுதான். அதை விட்டு இறங்க வேண்டும் என்று நினைத்தபோதே அழுகை முட்டியது. அழுதால் இளகின மனசுக்காரி என்பது உறுதியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கேலிக்கு அஞ்சியல்ல. "தினமும் வெங்காயம் நறுக்கிக் கண்ணு எரியுறது நான். பேரு உனக்கா?" என்றான். கடையில் எல்லோரிடமும் தன் சமையலைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருந்தானாம். இப்போது அவர்கள் இவனைத்தான் பொய்யன் என்கிறார்களாம். எதற்காகப் பயந்து பொய் சொன்னாளோ அதுவே இல்லை என்று ஆனதும், உச்சிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருக்கிறேனே என்று நினைத்தாள். அந்தக் கோபம் அவளுக்கு ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட ஒன்று.

மறுநாள் கிரேனின் அடியில் கேமரா வந்து நின்றது. மேலாளர் தலைசீவி வந்திருந்தார். இரும்புப் பெட்டியின் வாசலில் வெல்டரும் சர்வேயரும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மைக்கை நீட்டிய நிருபரும் இவர்கள் வயதுக்காரிதான்.

"அந்த நேரத்துல ஒரு பெண்ணா உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

உச்சி கிரேனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "பெண்ணா ஒண்ணும் ஓடலை. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஓடுச்சு. கூண்டோட கனம், ரெண்டு ஆள் கனம், அவ்வளவு தூரத்துக்கு கிரேன் தாங்குமான்னு கணக்கு ஓடுச்சு. தாங்கும்னு தெரிஞ்சதும்தான் நீட்டினேன். அஞ்சு வருஷமா செய்யுற வேலைங்க. அப்புறம், பத்திரிகையில வந்தது தப்பு. எங்க வீட்டுல சமைக்கிறது என் வீட்டுக்காரர். ரொம்ப நல்லா சமைப்பார்."

நிருபர் அடுத்த கேள்வியைத் தேடுவதற்குள் உச்சி பக்கத்தில் நின்றவரைக் கைகாட்டினாள். "அண்ணனையும் கேளுங்க. அவர் இல்லேன்னா நான் குருடு."

நிருபரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மைக்கைத் திருப்பி, "ஒரு ஆணா உங்க மனசுல என்ன ஓடுச்சுங்க?" என்று கேட்டாள்.

சிக்னல் அண்ணன் மீசையைத் தடவினார். "அழுதுட்டேம்மா. சிக்னல் கொடுக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அந்தப் பசங்க தரையில கால் வச்சதும் தேம்பித் தேம்பி அழுதேன். என் பசங்க வயசு" என்றவருக்கு அப்போதும் கண் கலங்கிவிட்டது.

மேலாளர் அறிவிப்புக்காக ஓரடி முன்னால் வந்தார். உச்சி முந்திக்கொண்டாள். "முன் அலுவலகத்துக்கு இளகின மனசு வேணும்னு சார் தேடிட்டு இருக்கார். சுவரொட்டிக்கு அண்ணனைவிடப் பொருத்தமா யார் இருக்கா? எனக்கு நேரமாச்சு சார், கான்கிரீட் வண்டி காத்திருக்கு." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கேமரா பார்த்திருக்கவே ஏணியில் ஏறத் தொடங்கினாள். ஏறுகிறவளை இறங்கு என்று நேரலையில் சொல்ல மேலாளருக்கு வாய் வரவில்லை. திங்கள்கிழமை வேறு ஆள் யாரும் வரவும் இல்லை. முன் அலுவலகச் சுவரில் இப்போது மீசையும் பேத்தியுமாகச் சிரிப்பது சிக்னல் அண்ணன்தான்.

ஆனால் அது பிற்பாடு. நேரலைக்கு மறுநாள் மத்தியானம், வெல்டர் பத்திரிகையைப் பிரித்தாள். முதுகை நிமிர்த்தி, வழக்கம்போல மாற்றி வாசித்தாள். "காற்றின் வேகத்தையும் பளுவையும் கணக்கிட்ட பிறகே கூண்டை நீட்டியதாகக் கிரேன் இயக்குநர் தெரிவித்தார். ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள அவர், பேட்டி முடிந்ததும் வேலைக்குத் திரும்பினார்."

யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல மாத்துறதுக்கு ஒண்ணுமே இல்லையேடி" என்றாள்.

'பெண்' என்ற வார்த்தையே செய்தியில் இல்லை என்று சர்வேயர் கொக்கரித்தாள். வெல்டர் படத்தைத் தட்டிக் காட்டினாள். ஏணியில் பாதி உயரத்தில், பின்னல் முதுகில் ஆட, உச்சி ஏறிக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் இதைப் பார்ப்பாள், வார்த்தை எதற்கு என்று கேட்டாள். யார் ஜெயித்தது என்று இருவரும் உச்சியைப் பார்த்தார்கள்.

உச்சி கணவன் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். "முதல்ல சாப்பிடுங்க. சமைச்சவரு பேரு பத்திரிகையில வரலைங்கிற ரோஷத்துல இன்னிக்கு இன்னும் நல்லா சமைச்சிருக்காரு" என்றாள்.