லேமினேட் பண்ணிய கடிதம்

அவளுடைய டோக்கன் நாற்பத்தொன்று. தூதரகத்தின் சுவர்ப் பலகையில் முப்பத்தெட்டு என்ற எண் கால் மணி நேரமாக நகராமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த முப்பத்தெட்டாம் ஆசாமி ஜன்னலில் நின்று என்ன குடும்பக் கதையா சொல்கிறான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. நாற்காலிகளோ ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்து வைத்தவை.

"காலை ஆட்டாதம்மா, வரிசை முழுக்க ஆடுது," என்றான் பக்கத்தில் இருந்த கணவன்.

"ஆடட்டும். யாரும் தூங்காம இருப்பாங்க."

அவன் சிரித்துவிட்டு மடியில் இருந்த பைலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விண்ணப்பத்தைக் காலையிலிருந்து நாலாவது முறையாகச் சரிபார்த்தான். மூன்றாம் பக்கத்தில் 'கணவரின் தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. போன வாரம் அவள்தான் அதை டைப் செய்தாள். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது, அவளுக்கும் தலைக்குமேல் வேலை. அந்த இடத்துக்கு வந்ததும் அவன் சட்டென்று பக்கத்தைத் திருப்பினான்.

அவள் செயற்கைக் கால் செய்கிறவள். சொந்த நாட்டை விட்டு வந்து ஆறு வருடமாக வேறொரு நாட்டில் ஒரு பட்டறையில் வேலை. அந்த நாட்டின் சட்டம் ஒரு விசித்திரம். வேலை விசாவைப் புதுப்பிக்க வேண்டுமா, முதலில் வெளியே போ, ஏதாவது ஒரு தேசத்தில் இருக்கும் எங்கள் தூதரகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வா என்பார்கள். சொந்த நாட்டில் அதற்கு ஏழு மாத வரிசை. இந்த மூன்றாவது நாட்டில் இரண்டே வாரத்தில் தேதி கிடைத்தது. ஒரு முகம் தெரியாது, ஒரு பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. ஆனாலும் தேதி கிடைத்ததே பெரிய விஷயம் என்று விமானம் ஏறிவிட்டார்கள்.

இன்று புதன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வரும், சனிக்கிழமை விமானம். திங்கள் காலை எட்டு மணிக்குப் புது விசாவோடு பட்டறையில் நிற்க வேண்டும். மேனேஜர் அதைப் பூ மாதிரிதான் சொன்னார். கெட்ட செய்தியாக இருந்தால் அந்த மனுஷன் குரல் இன்னும் இளகும். திங்கட்கிழமை விசா இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாகக் கணக்கு, அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருக்கிறது. அவள் விசாவின் வாலைப் பிடித்துத்தான் கணவனின் விசா. வேலை போனால் வீடு, இந்த ஆறு வருடம், எல்லாமே போச்சு.

பலகை ஒருவழியாக மனமிரங்கி நாற்பத்தொன்று காட்டியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். பாஸ்போர்ட், புகைப்படம், விண்ணப்பம் எல்லாவற்றையும் மளமளவென்று பார்த்தாள். பிறகு, வேலைக்கு அனுமதி தந்த அமைச்சகத்தின் ஒப்புதல் கடிதம், ஒரிஜினல், என்றாள். கணவன் பெருமையோடு பைலிலிருந்து எடுத்துக் கண்ணாடியின் அடிப்பிளவில் தள்ளினான். கடிதம் பளபளவென்று போனது. அதிகாரி அதை வளைத்துப் பார்த்தாள். அது விறைப்பாக நிமிர்ந்துகொண்டது.

இது என்ன என்று அதிகாரி கேட்டாள். ஒரிஜினல் என்றாள் இவள். ஒரிஜினல் இதற்கு உள்ளே இருக்கிறது, என் கையில் இருப்பது பிளாஸ்டிக், என்றாள் அதிகாரி. கடிதத்தின் கீழே அழுத்திய முத்திரை இருக்கிறதல்லவா, அதை விரலால் தடவிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்பது விதி. உறை போட்ட ஆவணம் திருத்திய ஆவணம். அமைச்சகத்தில் புதிது கேட்டால் மூன்று வாரம். இங்கே அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து. இன்று மூன்று மணிக்கு ஜன்னல் மூடுவதற்குள் உறையில்லாத கடிதம் வந்தால் பார்க்கலாம். அதிகாரி கோபமாகக்கூடப் பேசவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினாள்.

இவள் வெளியே வந்து நடைபாதையில் நின்றாள்.

"எப்பப் பண்ணினீங்க?"

"ஞாயித்துக்கிழமை. நீ தூங்கிட்டிருந்தே." அவன் முகத்தில் ஈயாடவில்லை. "விமானத்துல டீ கீ கொட்டிடுச்சுன்னா..."

"டீ கொட்டியிருந்தாக்கூட வாங்கியிருப்பாங்க! கறைதானே இருந்திருக்கும்? எதைப் பார்த்தாலும் அந்த மெஷின்ல கொண்டுபோய்க் குடுக்கணுமா? என்னையும் ஒரு நாள் லேமினேட் பண்ணி மாட்டிடுங்க!"

அவள் விறுவிறுவென்று முன்னே நடந்தாள். அவன் இரண்டடி பின்னால் வந்தான். எரிந்து விழுந்தாளே தவிர, அந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? போய்ச் சேர்ந்த முதல் வருடம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரே மழையில் அறைக்குள் தண்ணீர் புகுந்து, தரையில் இருந்த பெட்டியில் அவளுடைய மதிப்பெண் பட்டியல்கள் அத்தனையும் கூழாகிவிட்டன. நகல் வாங்க எட்டு மாதம் அலைந்தாள். பெட்டியைத் தரையில் வைத்தது அவன். மறுவாரமே ஒரு குட்டி லேமினேஷன் மெஷின் வாங்கி வந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் காகிதம் என்று ஒன்று தப்பியதில்லை. கல்யாண சர்டிபிகேட், தடுப்பூசி அட்டை, வாஷிங் மெஷின் குறிப்பு, பஸ் நேர அட்டவணை, அவன் அம்மா எழுதிக் கொடுத்த சொந்தக்காரர்களின் போன் நம்பர்கள், எல்லாம் பளபளவென்று மாறின. நண்பர்கள் அவனை 'லேமினேஷன்' என்றே கூப்பிட்டார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஓட்டல் அறைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை.

"உரிக்கணும்," என்றாள்.

"உரிச்சா கிழிஞ்சிடுமே?"

"பதினாலு வருஷமா என் பொழைப்பே பிளாஸ்டிக்தானே. இஸ்திரிப் பெட்டி அலமாரில இருக்கா பாருங்க."

பட்டறையில் அவள் பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் வைத்து, அது கண்ணாடிபோலத் தெளிந்து தொய்யும் நேரம் பார்த்து எடுத்து, மாவுக்கட்டு அச்சின்மேல் போர்த்துவாள். கொஞ்சம் முந்தினால் விரிசல், கொஞ்சம் பிந்தினால் ஓட்டை. அந்த நேரம் அவள் விரலுக்கு அத்துப்படி. ஆனால் அது அடுப்பு. இங்கே இருந்தது தேய்ந்துபோன ஓட்டல் இஸ்திரிப் பெட்டி. அதன்மேல் எந்த எண்ணும் ஒழுங்காகத் தெரியவில்லை.

வீட்டில் இருந்த பளபளப்பையெல்லாம் அவன் பைலில் அள்ளிப்போட்டு வந்திருந்தது நல்லதாகப் போயிற்று; முதலில் பஸ் அட்டவணையைத் துண்டுக்கு அடியில் வைத்துச் சூடு காட்டினாள். உறை சுருண்டு, எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. சூட்டைக் குறைத்து வாஷிங் மெஷின் குறிப்பை எடுத்தாள். உறை வந்தது, ஆனால் அது மெல்லிய காகிதம், அதில் கற்றது இதற்கு உதவாது. கடிதமோ தடித்த காகிதம், அதிலும் அழுத்திய முத்திரை. அதே மாதிரி ஒன்றில் செய்து பார்க்காமல் கை வைப்பது தற்கொலை. மணி பன்னிரண்டு இருபது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பைலைக் கட்டில்மேல் கவிழ்த்தாள்.

தடித்த காகிதம், அழுத்திய முத்திரை என்று அதில் இரண்டுதான் இருந்தன. ஒன்று கல்யாண சர்டிபிகேட். மற்றொன்று அவனுடையது. நில அளவைத் துறையில் பதினோரு வருடம் சர்வேயராக இருந்தான் என்று அவன் வேலையை விட்டு அவளோடு கிளம்பிய அன்று அவர்கள் கொடுத்த சான்றிதழ்.

"எடுத்துக்கோ," என்றான் அவன்.

"வேண்டாம். கல்யாண சர்டிபிகேட்டைக் குடுங்க."

"அது இல்லேன்னா நான் உனக்கு யாருன்னு அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவே? சும்மா வழிப்போக்கன்னு நினைச்சுக்கப் போறாங்க." அவனே தன் சான்றிதழை எடுத்துத் துண்டின்மேல் வைத்தான். "இது போனா ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆறு வருஷமா இதை யாரு கேட்டா?"

அந்த ஆறு வருடத்தில் அவளும் கேட்டதில்லை. காலையில் டப்பாவில் சாப்பாடு இருக்கும், மாலையில் வீடு சுத்தமாக இருக்கும், வரியும் வாடகையும் நேரத்துக்குப் போகும். அதற்கு அவள் வைத்த பெயர் 'இல்லை'. நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படக்கூட நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தாள்.

மூலையைக் கிளப்பி உறையை மேல்நோக்கி இழுத்தாள். நாலு விரற்கடை வந்தது. அடுத்த இழுப்பில் காகிதமும் சேர்ந்து எழும்பி, துறைத்தலைவரின் கையெழுத்துக்குக் குறுக்கே சர்ரென்று கிழிந்தது. சான்றிதழ் இரண்டு துண்டு.

"ஐயோ," என்றாள்.

அவன் குனிந்து கிழிசலின் ஓரத்தைப் பார்த்தான். பிறகு, "மேல தூக்காதே. படுக்கப் போட்டு மடிச்சு இழு," என்றான். "சூடு முன்னாடி போகணும், உன் கை பின்னாடி வரணும். பெட்டியை எங்கிட்டக் குடு."

பென்சிலை எடுத்துத் துண்டின் ஓரத்தில் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் கோடு போட்டான். ஸ்கேல் கேட்கவில்லை, அவன் கண்ணே ஸ்கேல். ஒரு கோட்டுக்கு ஆறு எண்ணிக்கை பெட்டியை வைத்தான். எண்ணி முடித்ததும் நகர்த்தினான், அவள் மணிக்கட்டை மேசையோடு ஒட்டி வைத்துக்கொண்டு உறையைப் பின்னால் மடித்து இழுத்தாள். சான்றிதழின் இரண்டாவது துண்டு சேதமில்லாமல் வெளியே வந்தது. அதிலிருந்த முத்திரை அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"பக்குவம் கிடைச்சிடுச்சு," என்றாள்.

பிறகு கடிதத்தை வைத்தார்கள். நாற்பது நிமிடம் இருவரும் எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை. அவன் எண்ணினான், அவள் இழுத்தாள். முத்திரை வந்த இடத்தில் அவன் எட்டு எண்ணினான். ஏன் எட்டு என்று அவள் கேட்கவில்லை, எட்டுதான் சரி என்று அவள் விரலும் சொன்னது. முன்பக்கம் முடிந்து பின்பக்கமும் முடிந்தபோது ஒரு மூலை பிசுபிசுத்தது, மற்றபடி கடிதம் கடிதமாக இருந்தது. மணி இரண்டு. தெருவெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

இந்த முறை அதிகாரி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முத்திரையைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவினாள். மூலை ஏன் ஒட்டுகிறது என்று கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள் இவள். அதிகாரியின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. விண்ணப்பத்தில் தன் முத்திரையைக் குத்தினாள். வெள்ளி மாலை நாலு மணிக்கு வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அப்பாடா என்று இவளுக்கு மூச்சு வந்தது.

கையெழுத்துக்கு முன் விவரங்களை ஒருமுறை உறுதி செய்ய வேண்டும் என்று அதிகாரி படித்துக்கொண்டே போனாள். பெயர், முகவரி, வேலை. கணவரின் தொழில்: இல்லை. சரிதானே?

"சரியில்லை," என்றாள் இவள். சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை, வாய் சொல்லிவிட்டது. "அவர் சர்வேயர்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். சான்று இருக்கிறதா என்று கேட்டாள்.

இவள் பைலைத் திறந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேடையில் வைத்து ஒட்டிச் சேர்த்துக் காட்டினாள். கிழிசல் கையெழுத்துக்கு நடுவே சேர மறுத்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரைக்கும் படித்தாள். நல்ல சான்றிதழ்தான், ஆனால் கிழிந்தது செல்லாது, என்றாள். விண்ணப்பத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். மாற்றட்டுமா?

மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கணவன் நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். முத்திரை குத்தும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது, அதற்கப்புறம் பேசியது கேட்கவில்லை.

"வேண்டாம், இருக்கட்டும்," என்று சொல்லி, 'இல்லை' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வந்து அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா? அப்புறம் என்னத்தையோ எடுத்துக் காட்டினியே?"

"நீங்க என்ன வேலைன்னு கேட்டாங்க. சர்வேயர்னு சொன்னேன்."

அவன் காது மடல் சிவந்தது.

"ப்ரூஃப் கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க."

"அதனாலென்ன, விடு," என்றான். "வீட்டுக்குப் போய் ரெண்டையும் சேர்த்து வெச்சு லேமினேட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சட்டத்தில் கோத்த நாற்காலிகள் எல்லாம் குலுங்கின, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெல்லம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"வேண்டாங்க. லேமினேட் பண்ணாதீங்க." அவள் துண்டுகளை மடியில் வைத்துக் கைகளால் மூடிக்கொண்டாள். "உங்க ஆபீசுக்கு இன்னிக்கே எழுதுங்க. இன்னொண்ணு வாங்கணும்."

"எதுக்கு? இப்பத்தான் எல்லாம் முடிஞ்சுதே?"

"ரெண்டு வருஷத்துல மறுபடி இந்த ஃபாரத்தை நிரப்பணும்," என்றாள். "அப்ப நான் 'இல்லை'ன்னு எழுத மாட்டேன்."