கூடுதலாக ஓர் ஓட்டை

பெல்ட் பட்டறைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்க வந்தவர் பெல்ட்டை இடுப்பில் சுற்றி மூச்சை இழுத்துப் பிடித்தால் போதும், மனிதர் வாயே திறக்க மாட்டார். பெல்ட்டை வாங்கி, உளியை வைத்து, சுத்தியலால் ஒரே தட்டு. கூடுதலாக ஓர் ஓட்டை விழும். "கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. இப்பப் போட்டுப் பாருங்க" என்பார். தொந்தியைப் பற்றி மூச்சு விட மாட்டார். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அந்த நல்ல மனசைப் பட்டறையிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

அவருக்கு ஒரே மகள். பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவதால் சில்வண்டு என்று செல்லப் பெயர். நர்ஸிங் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தக்கறைப் போர்வைகளோடு மல்லுக்கட்டுகிறவள். "நான் பின்வாசல் வழியா உள்ள போறவ. நீ முன்வாசல் வழியா போகணும்டி" என்பாள். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் வேறு நினைப்பே கிடையாது.

மாதிரித் தேர்வுப் புத்தகம் ஒன்று வாங்கினார்கள். விடைகள் கடைசிப் பக்கங்களில் இருந்தன. "கிட்ட இருந்தா பார்க்கத் தோணும்ப்பா, நீங்களே வச்சுக்கங்க" என்று சில்வண்டே கிழித்துக் கொடுத்தாள். அப்படிப்பட்ட பிள்ளை!

திருத்துவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தேர்வுக்கும் விடைத்தாள் அளவிலேயே ஓர் அட்டை வெட்டினார். சரியான விடையின் வட்டம் எங்கே வருமோ, அங்கே பெல்ட் உளியால் ஓர் ஓட்டை. மகள் பென்சிலால் கறுப்பாக்கிய தாளின்மேல் அட்டையை வைப்பார். ஓட்டையில் கறுப்பு தெரிந்தால் சிவப்பு மையில் டிக், வெள்ளை தெரிந்தால் பெருக்கல் குறி. அட்டைகள் தயாரானதும் இனி எதற்கென்று விடைப் பக்கங்களைக் குப்பையில் போட்டுவிட்டார்.

முதல் சில தேர்வுகளில் எங்கு பார்த்தாலும் வெள்ளை. சில்வண்டு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "எனக்கு இதெல்லாம் ஏறாதுப்பா. அம்மாகூடச் சலவைக்கே போயிடறேன்" என்றாள். அதற்குப் பிறகு முணுமுணுப்பு நின்றுபோனது. வீடு வெறிச்சென்று கிடந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த தாளைப் பட்டறையில் வைத்துத் திருத்தினார். ஓர் ஓட்டையில் வெள்ளை. பக்கத்திலேயே அவள் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கிய வட்டம் அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தது. பாவி மனுஷன், கை தானாக உளிக்குப் போயிற்று. ஒரே தட்டு. கறுப்பு தெரிந்தது. டிக் போட்டார்.

இந்த ஒன்றே ஒன்று என்றுதான் நினைத்தார். ஒன்று நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. சந்தேகம் வராதபடி அங்கங்கே சில வெள்ளையை விட்டுவைக்கும் சாமர்த்தியமும் வந்துவிட்டது.

மதிப்பெண் ஏறியது. சில்வண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டாள், மறுபடி முணுமுணுத்தாள். "பெல்ட்டு தைக்கிறவரு பெரிய வாத்தியாராயிட்டாரே!" என்று மனைவி கிண்டலடித்தாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்துப் பயிற்சிக்கு யார் யார் காலையோ பிடித்து மகளுக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருந்தவள், இந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய்க்குள் கொழுக்கட்டையா இருந்தது?

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வரும். சில்வண்டு பாடப்புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை. அப்பா போட்ட டிக்குகளையும் படித்தாள்.

தேர்வு எழுதிவிட்டு வெளியே ஓடிவந்தாள். முகமெல்லாம் பல். "பாதிக்கு மேல நம்ம மாதிரித் தேர்வுல வந்த கேள்விப்பா! கண்ணை மூடிக்கிட்டு எழுதினேன்!"

எந்தெந்தக் கேள்வி என்று அவர் துருவித் துருவிக் கேட்டார்.

தேர்ச்சிப் பட்டியலில் அவள் இல்லை. பட்டியலோடு சரியான விடைகளையும் வெளியிட்டிருந்தார்கள். சில்வண்டு தன் விடைகளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அழவில்லை, கொதித்துப்போனாள்.

"அவங்க விடைதான்ப்பா தப்பு! இதே கேள்விக்கு மூணாவது விடையைப் போட்டு எத்தனை தடவை உங்ககிட்ட டிக் வாங்கியிருக்கேன்! பாடப்புத்தகத்துல வேற மாதிரி இருந்துச்சு. எனக்கே சந்தேகம்தான். நீங்க டிக் போட்டதாலதான் மாத்திக்கிட்டேன். அந்த அட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க. கொண்டுபோய்க் காட்டறேன்."

"சும்மா விடக்கூடாது. போய்க் கொண்டாங்க" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

பட்டறைக்குப் போனார். எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சொல்லவும் தைரியமில்லை, மறைக்கவும் தெம்பில்லை. கட்டை அப்படியே கொண்டுவந்து மகள்முன் வைத்தார்.

சில்வண்டு ஓர் அட்டையை எடுத்தாள். அந்தக் கேள்வியின் வரிசையைத் தேடி விரலை ஓட்டினாள். விரல் நின்றது. அடுத்த வரிசைக்குப் போனாள். அடுத்த அட்டையை எடுத்தாள்.

"இதென்னப்பா? ஒரே கேள்விக்கு ரெண்டு ஓட்டை?"

அவர் வாயில் வந்தது பட்டறைப் பேச்சு மட்டும்தான்.

"இறுக்கமா இருந்துச்சும்மா."

சலவைச் சோடாவில் வெந்துபோன விரல்களால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சில்வண்டு, தேர்வில் வராத ஒரு கேள்வியின் வரிசையில் விரலை வைத்து, அட்டையை அவர் பக்கம் திருப்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இதுல எதுப்பா சரி?"

அவர் குனிந்து பார்த்தார். அதே உளி, அதே அளவு, அதே சுத்தமான விளிம்பு. அவருக்கே அடையாளம் தெரியவில்லை.