திறந்த கதவைத் தட்டியவர்

ஹிஞ்சேவாடி ஆபீசிலிருந்து வண்டி கிளம்பியதுமே, அமெரிக்காவிலிருந்து அங்கே வந்திருந்த ரூத் அம்மையார் தன் ஆல்பத்தைப் பிரித்துவிட்டார். அவரைப் பழைய மராட்டியக் கோட்டையான சனிவார்வாடாவுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு ஷீலாவுக்கும் ஹர்ஷாவுக்கும்.

படங்களில் கோட்டை இல்லை, மாளிகை இல்லை. குறுகிய சந்தில் செங்கல் வீடுகள், ஒரு சின்னச் சர்ச்.

"இங்கே யார் வாழ்ந்தார்கள்?" என்று ஷீலா கேட்டாள்.

"சலவைக்காரிகள், முடி திருத்துபவர்கள், துறைமுகக் கூலிகள். விடுதலை பெற்ற எங்கள் கறுப்பின மக்கள் என் நகரத்தில் முதலில் குடியேறிய தெரு. ஞாயிறு மதியம் பார்க்க வருபவர்களுக்கு நான்தான் சுற்றிக் காட்டுவேன்."

ஷீலா தமிழில் ஹர்ஷாவிடம் முணுமுணுத்தாள். "கூலிக்காரங்க வீட்டையா வேலை மெனக்கெட்டு வந்து பாக்கறாங்க?"

"நமக்குத்தான் ராஜா தூங்கின எடமா இருக்கணும்" என்றான் அவன்.

அடுத்த படத்தில் ரூத் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ளே யார்?"

"யாருமில்லை. காலி வீடுதான். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களை இங்கே ஒளித்து வைத்தார்கள். அவர்களைப் பிடிக்கத் தேடி வந்தவர்கள் தட்டிக் கேட்டா நுழைந்தார்கள்? அதனால் நான் தட்டிவிட்டு, கொஞ்சம் நின்றுதான் நுழைவேன்."

ஷீலா அந்தப் பக்கத்தைப் புரட்ட விடவில்லை.

கட்கி சிக்னலில் வண்டி நின்றது. சாலையோரத்து லைன் வீடுகளை ரூத் எட்டிப் பார்த்தார். "இவை யாருடையவை?"

ஷீலாவின் வீடு வசதியானவர்கள் வாழும் ஔந்தில் என்றுதான் ஆபீஸ் முழுக்க நம்பியிருந்தது. 'பழைய வீடுகள்' என்று சொன்னால் போதும், வண்டி கடந்துவிடும். ஒரு பொய்யை விட்டுவிட இறைவன் நமக்கு நீண்ட அவகாசம் தருவதில்லை. ஒரு சிவப்பு விளக்கு எரியும் நேரம்தான் தருகிறார்.

"பையா, அந்தப் பக்கம் ஓரமா நிறுத்துங்க" என்றாள் டிரைவரிடம் இந்தியில். பிறகு ரூத்திடம், "ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழர்களின் வீடுகள். என் பூட்டனார் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தார். அந்த நீலக் கதவுதான் எங்கள் வீடு" என்றாள்.

ஹர்ஷா திரும்பினான். "ஔந்துன்னியே?"

"பொய் சொன்னேன்."

அவன் நீலக் கதவைப் பார்த்தான். "அப்போ தினமும் ஆபீஸ் பஸ்லேர்ந்து ஔந்துல எறங்கி, ஆட்டோ புடிச்சா இங்க வந்தே? லூசு."

இறங்கிப் போனபோது நீலக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ரூத் செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்த கதவையே இரண்டு முறை தட்டி, வாசலில் நின்றார்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஷீலாவின் அம்மா நிமிர்ந்தாள். "கதவு தொறந்துதானே கீது. தட்றது யாரு?"

"உள்ள வரலாமான்னு கேக்கறாங்கம்மா."

"நம்ம ஊட்டுக்கு வர்றதுக்கா கேக்கறாங்க?" அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் அலுவலக ஆட்கள் சுவரைப் பார்க்க, மீட்டரைப் பார்க்க என்று எத்தனையோ முறை வந்து போயிருக்கிறார்கள். அந்த வாசலில் அனுமதிக்காக யாரும் நின்றதில்லை. "வாம்மா, வந்து குந்து."

ஷீலா பின்னால் பார்த்தாள். ஹர்ஷாவும் செருப்பைக் கழற்றிவிட்டு அதே கதவைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"நானும் வரலாமா, ஆன்ட்டி?"

அன்று சனிவார்வாடா மூடும்வரை அவர்கள் அங்கே போய்ச் சேரவில்லை.