முதலில் தகவல், பிறகு கொடி

சர்க்யூட் போர்டில்தான் கோளாறு என்று மூன்று வாரமாக நான் சாதித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போர்டை வடிவமைத்தவன் என் மனைவியின் தம்பி. ஒரே அலுவலகம், அவன் கீழ்த்தளம், நான் மேல்தளம். அவனுடைய இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போடுவதா என்று வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் முடிவு. அங்கே என் பேச்சுதான் எடுபடும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில், அந்தப் போர்டை இயக்கும் பகுதியை எழுதியவன் நான்.

கோளாறு இதுதான்: பத்தாயிரம் முறை ஓட்டினால் ஒரு முறை, புதிய தகவலுக்குப் பதில் பழையது வந்து நிற்கும்.

"மாமா, உங்க பக்கம் தகவல் போற வரிசை மாறுதான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்," என்று மைத்துனன் முதல் நாளே சொன்னான்.

"ஆறு வருஷமா ஓடுற புரோகிராம். நீ உன் போர்டைப் பாருடா," என்று அவன் வாயை அடைத்தேன்.

வெள்ளி காலை, கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க நடப்பதைத் திரையில் எழுதிக் காட்டும் ஒரு பிரிண்ட் வரியை நடுவில் போட்டேன். கோளாறு மாயம். வரியை எடுத்தேன், திரும்பி வந்தது. போர்டு பழுதென்றால் என் பிரிண்ட் வரிக்கு அது ஏன் பயப்பட வேண்டும்? நான் எழுதியதையே திறந்தேன்.

என் புரோகிராம் முதலில் தகவலை எழுதும், பிறகு 'தயார்' என்று ஒரு கொடியை ஏற்றும். சிப்புக்குள் கூடவே வேலை செய்யும் இன்னொரு கோர் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டுத் தகவலை எடுக்கும். பழைய சிப் எழுதிய வரிசையிலேயே காட்டியது. இந்தப் போர்டில் உள்ள புதிய சிப்போ, வரிசை முக்கியம் என்று நாம் சொல்லாவிட்டால் தகவலுக்கு முன்பே கொடியைக் காட்டிவிடும். அதற்கு அந்த உரிமை உண்டு. சாப்பிட வாங்க என்ற குரல் வந்துவிட்டது, தட்டு இன்னும் காலி. இதைத் தடுக்கத்தான், வரிசையை மாற்றாதே என்று சிப்புக்குச் சொல்லும் மெமரி பேரியர் என்ற ஒற்றை வரி. படிக்கும் பக்கத்தில் இருந்தது, எழுதும் பக்கத்தில் காணோம். போட்டேன். மதியத்துக்குள் ஒரு லட்சம் ஓட்டம், ஒன்றுகூடத் தவறவில்லை.

திருத்தத்தை அனுப்பும்போது, பிழையைப் புகுத்திய பழைய மாற்றத்தையும் குறிப்பிடுவது எங்கள் வழக்கம். எவனோ ஒருவன் மாட்டினான் என்று வரலாற்றைத் தோண்டினேன். மாட்டியது நான். 'தேவையில்லாத பேரியர், வேகத்துக்காக நீக்கம்' என்று பெருமையாகக் குறிப்பு வேறு. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அதைக் கூட்டத்தில் பெரிய திரையிலேயே காட்டினேன். "போர்டு சுத்தம் சார். தப்பு என்னோடது." மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போர்டுக்கு ஒப்புதல் கொடுத்தார். சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் மைத்துனனை என் இடத்துக்கு அழைத்துப் போனேன். திருத்தத்தில் 'பிழையைத் தெரிவித்தவர்' என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. அவன் பெயரைத் தட்டினேன்.

"நான் என்ன கண்டுபிடிச்சேன் மாமா? சும்மா சொன்னேன்."

"முதல் நாளே சொன்னே. நான்தான் காதுல வாங்கல."

அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தான். ராஜினாமாக் கடிதம்.

"இன்னிக்கு கூட்டம் முடிஞ்சதும் கொடுக்கலாம்னு இருந்தேன்," என்றான்.

"கிழிச்சுப் போடுடா."

அவன் சிரித்துக்கொண்டே கிழித்தான். நான் திருத்தத்தை அனுப்பினேன்.