துடக்கு வான்

மூன்று ஊரும் ஒன்றாகக் கேட்டால்தான் வான் வண்டி கிடைக்கும் என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவன் எங்கள் ஆட்களோடு ஒருநாளும் பழகியிருக்க மாட்டான்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. புத்தூருக்குக் கிழக்கே ஆலடி, நாவலடி, பனையடி என்ற மூன்று ஊருக்கும் நான் ஒருத்திதான் மருத்துவமாது. எல்லாருக்கும் ஞானாம்பிகை மிசி. பிரசவம் சிக்கலானால் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போக வேண்டும். யுத்தத் தடையால் விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் காருக்கு எங்கே போவது? முந்தின மாரியில் கதிரவேலுவின் மனைவி மீனாம்பிகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கொஞ்சம் பொறு பிள்ளை, கிட்ட வந்துவிட்டோம் என்று வழிநெடுகப் பொய் சொன்னேன். பாதி வழியில், என் மடியில் தலை வைத்தபடி, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு கதிரவேலுவின் வீட்டுப் படலையைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பேன்.

ஆகவே, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கிராமத்து வைத்தியத்துக்கு நிதி கொடுக்கப்போகிறது என்று அதன் அலுவலர் அடைக்கலநாதன் வந்து சொன்னதும், விசர் பிடித்தவள்போல ஊரூராக அலைந்தேன். மூன்று ஊரின் மருந்துக்கொட்டில்களையும் ஆஸ்பத்திரியையும் இணைக்க ஒரு குழு, ஒரு வான், அதற்கு எண்ணெய், இவ்வளவும் தருவார்கள். ஊருக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வான் எங்கே நிற்கும் என்றும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை படிவம் போகாவிட்டால் நிதி வேறு பகுதிக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் கூட்டம். ஆலடிப் பிள்ளையார் கோயில் மனேச்சர் பொன்னம்பலம், வான் தங்கள் தேர்க்கொட்டகையில்தான் நிற்க வேண்டும் என்றார். நாவலடிச் சங்கக்கடை ஆழ்வாப்பிள்ளை, தங்கள் வைரவர் என்ன குறைந்து போனாரா என்று எழும்பினார். பனையடியார் அம்மன் கோயில் மடம்தான் பொருத்தம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒரு மணித்தியாலம் இதே பாட்டு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அண்ணைமார், அந்த வானுக்குள்ளை பிள்ளையும் பிறக்கும், சீவனும் போகும். அது ஆரின்ரை கோயிலடியிலை நிண்டால் என்ன? கெதியாய் ஒரு முடிவெடுங்கோ."

அப்போதுதான் அவர்களுக்குத் துடக்கு என்ற தீட்டு நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறந்தாலும் துடக்கு, ஆள் செத்தாலும் துடக்கு. முப்பத்தொரு நாள் அந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். அப்படியிருக்க, துடக்கு வானைத் தேருக்குப் பக்கத்தில் விடுவதா? பொன்னம்பலத்தார் தொண்டையைச் செருமிவிட்டு, யோசித்துப் பார்த்தால் நாவலடிதான் வசதி என்றார். ஆழ்வாப்பிள்ளை பெருந்தன்மையோடு அதைப் பனையடிக்கு விட்டுக்கொடுத்தார். பனையடியார் மூத்த ஊர் ஆலடிதானே என்றார்கள். சற்று முன்வரை எனக்கு எனக்கு என்று அடிபட்டவர்கள்! கோயில் இல்லாத ஓர் இடமும் அவர்கள் வாயில் வரவில்லை. படிவத்தோடு வந்திருந்த அடைக்கலநாதன் பேனையை மூடிப் பைக்குள் வைத்தார். கைக்கு வந்த வானை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். இன்னொரு பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்ற என்னால் முடியாது என்று நினைக்க அழுகை வந்தது.

அப்போது பின்வரிசை வாங்கில் இருந்து கதிரவேலு எழும்பினான். அவன் வந்திருந்ததையே நான் காணவில்லை.

"மிசி, என்ரை வளவெண்டு எழுதுங்கோ. ரோட்டுக்கரைப் புகையிலைக் கொட்டில் சும்மாதான் கிடக்குது."

கோயில்காரர்களுக்கு உயிர் வந்தது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் பேனையைப் பறிக்காத குறையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கதிரவேலுவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நான் வெளியே வந்தேன்.

அடுத்த வருஷம் வான் வந்தது. பழையதுதான், ஆனால் ஓடியது. உழவு மெசின் ஓட்டிப் பழகிய கதிரவேலுவே சாரதியானான். பிள்ளைவலியோடு முதலில் ஏறியவள் பனையடி அருந்ததி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வல்லை வெளியில் காற்று ஊவென்று அடிக்க, இனித் தாங்காது, நிறுத்து என்றேன். அவன் இறங்கிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பெண்பிள்ளை. அது வீரிட்டு அழுத சத்தம் கேட்டதும் நடுரோட்டில் குந்திவிட்டான். தாயையும் பிள்ளையையும் சுகமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அடுத்த கிழமை ஆலடியில் தேர். வடம் பிடிக்க ஆள் போதாதென்று பொன்னம்பலத்தார் தாமே கதிரவேலுவைத் தேடி வந்தார். நான் வானுக்குள் சீலைத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வானைக் கழுவியாயிற்று, நீயும் தலைமுழுகிவிட்டாய், சொந்தமோ பந்தமோ இல்லாத உனக்கு ஏது துடக்கு என்று அவரே வழியும் சொன்னார்.

கதிரவேலு வானின் கதவில் கையை வைத்தபடி, இல்லையென்று தலையை ஆட்டினான்.

"ஏலாது அண்ணை. எங்கடை வீட்டிலை பிள்ளை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகுது. துடக்குக் கழிய வாறன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். நான் தலையைக் குனியவில்லை.