மஞ்சள் டேப் சுற்றிய மூடி

டிக்கெட் ஜன்னலின் பூட்டில் சாவியை நுழைத்தபோதே நாடக அரங்கத்துக்குள்ளிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது. மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தவன் இருபத்தேழில் காணாமல் போனான். முப்பத்தொன்றில் திரும்பி வந்தான். நடுவிலிருந்த மூன்று எண்களை யாரோ விழுங்கிவிட்டிருந்தார்கள். அவள் ஜன்னலைத் திறக்காமல் சாவிக்கொத்தும் கையுமாக உள்ளே போனாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், இடுப்பளவு மரத்தடுப்புக்குள் இருந்தது மேடைச் சத்தத்தையெல்லாம் கூட்டிக் குறைக்கிற அந்த மிக்ஸர். வந்த புதிதில் டிஜிட்டல் மிக்ஸர் என்று வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்ததுண்டு. இப்போது பாதிப் பொத்தான்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. திரையின் ஒரு மூலை வெளுத்துவிட்டது. இரண்டு மாதமாக மேடை ஆட்கள் அதை மாமியார் என்று கூப்பிட்டார்கள். எப்போது பேசும், எப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் இருந்தவரை அதற்குப் பெயரே கிடையாது. ஒழுங்காக வேலை செய்கிற சாமானுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. காலையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர், ஆறுவதற்குள் போய்விட்டார். கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் மைக் கட்டிக்கொண்டிருந்த அவர் தம்பி அந்த நாற்காலிக்கு வந்தான். முதல் ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் சத்தம் திடீர் திடீரென்று அறுந்துபோக ஆரம்பித்தது. சில நாள் ஒரு நொடி, சில நாள் ஐந்து நொடி. சில நாள் ஒன்றுமே இல்லாமல் எல்லோரையும் நம்பவைத்துவிட்டு, மறுநாள் கதாநாயகன் காதலைச் சொல்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

அவள் உள்ளே போனபோது மேனேஜர் தடுப்பின்மேல் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இன்னைக்கு ஆட்டத்துல ஒரு தடவ போச்சுன்னாலும் சரி, நாளைக்கு வண்டி வந்து இதத் தூக்கிட்டுப் போயிடும். புது மிஷினு, அத ஓட்ட ஆளு, ரெண்டையும் விக்கிற கம்பெனியே அனுப்புதாம்." சொல்லும்போது அவர் கொழுந்தனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், உங்க ஃபோன மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் பாக்கலாமா?"

"போன வாரம் லிஃப்டுன்ன. அதுக்கு முன்னாடி ஏசின்ன. ஏசிய நிறுத்திட்டு ஜனங்க டிக்கெட்டால விசிறிக்கிட்டே பாத்தாங்க. அடுத்து என் மூச்சையும் நிறுத்தச் சொல்லுவ போல."

"நிறுத்திப் பாத்தா தெரிஞ்சிரும் சார்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சொன்னதன் கனம் போய்விடுமென்று இருமியபடியே வெளியே போனார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிக்ஸரின் விளிம்பில் அவருடைய மணிக்கட்டு பட்டுப்பட்டு மழமழவென்றாகியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். இதை ஒரு வண்டியில் குப்புறப் போட்டுக் கொண்டுபோவார்கள் என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கொழுந்தன் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். தேதி, நேரம், எத்தனை நொடி, அப்போது என்ன நடந்தது. 'மழை.' 'முதல் வரிசையில் தும்மல்.' 'காரணம் தெரியவில்லை, எனக்குப் பசி.' முதல் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள்.

"தம்பி, மொதல்ல கட்டானது இந்தப் புதன்கிழமையா?"

"ஆமா அண்ணி. மறக்க முடியுமா?"

"அதுக்கு மொத நாள்தான் நான் வந்து அவரோட சாமானெல்லாம் எடுத்துட்டுப் போனேன். தூசியும் தொடச்சேன். எதையாவது இடிச்சிட்டேனோ?"

"இங்கயா?"

"இங்க. அப்புறம் மேடைப் படிக்கு அடியில. செருப்ப அங்கதான கழட்டிப் போடுவாரு."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மேடை மைக் எல்லாம் வந்து சேர்ற பெட்டி அங்கதான் அண்ணி இருக்கு!"

படிக்கு அடியில் அவன் முட்டி போட்டு நுழைந்தான். பின்னால் அவள் டார்ச் பிடித்தாள். பெட்டியின் பின்புறம் ஒரு கம்பி வந்து, இரண்டாகப் பிரியும் ஒரு கிளையில் சேர்ந்தது. கிளையின் ஒரு முனை பெட்டிக்குள் போனது, இன்னொரு முனை சும்மா வாய் திறந்திருந்தது. முன்பு ஒருமுறை வந்து மிக்ஸரைப் பார்த்துவிட்டுப் போன மெக்கானிக்கை அவன் கூப்பிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அடப்பாவி, அது தாளம் போடுற கம்பி," என்றார் மெக்கானிக். "மிக்ஸரும் பெட்டியும் ஒரே தாளத்துக்கு ஓடணும். கடைசில ஒரு சின்ன வெள்ளி மூடி இருக்கணும். அது இல்லன்னா தாளத்தோட தட்டு, செவுத்துல முட்டின பந்து மாதிரி திரும்பி வரும். ரெண்டு தட்டு கேட்டா எதுக்குன்னு ஆடும்? கொழம்பிப் போயி நின்னுரும். நான் வந்தப்ப மிக்ஸர மட்டும்தான திறந்து காட்டின?"

"மூடி எங்க கெடைக்கும்ணே?"

"கடைலதான். இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, எவன் திறந்து வெச்சிருக்கான்?"

 அவள் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தன்னுடையது எதுவானாலும் ஒரு சுற்று மஞ்சள் டேப் ஒட்டிவிடுவார். குடை, சீப்பு, கண்ணாடிக்கூடு, செருப்பின் வார். கல்யாணமான புதிதில், "எனக்கு மட்டும் சுத்தலையா?" என்று அவள் கேலி செய்தாள். மறுநாள் கண் விழித்தபோது சுண்டுவிரலில் ஒரு மஞ்சள் வளையம் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, செருப்புக்குப் பக்கத்தில், எந்த ஒயரோடும் சேராமல் பெட்டியின் பின்னால் துருத்திக்கொண்டிருந்த வெள்ளி மூடியிலும் ஒரு சுற்று மஞ்சள் இருந்தது. அவருடைய பொருள் என்று திருகி எடுத்துக்கொண்டாள். இதைத் தொடாதே என்றும் அவர் மஞ்சள் ஒட்டுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியும் ஒரு நொடி தோன்றியது. பிறகு சாவிக்கொத்தை அவன் முன்னால் நீட்டினாள். டிக்கெட் ஜன்னல் சாவிக்கும் வீட்டுச் சாவிக்கும் நடுவில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது அது.

கொழுந்தன் மூடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அண்ணி... லிஃப்ட நிறுத்தி வெச்சேன். ஒரு பெரியவர் மூணு மாடி ஏறி வந்து என்னத் திட்டினாரு. ரெண்டு மாசமா இது தினமும் என் கண்ணு முன்னாடியே ஜல்ஜல்னு போயிட்டு வந்திருக்கு!"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாதடா."

"சொல்ல மாட்டேன். மாமியார் வாய மூடினது மருமக வேலைன்னு சொன்னா எவன் நம்புவான்?"

படிக்கு அடியில் இடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். இந்த மூன்று மாதத்தில் அவள் வயிறு வலிக்கச் சிரித்தது அப்போதுதான். நூலை அவளே பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள். மூடியை அவன் திருகிப் பொருத்தினான். "நாளைக்குப் புதுசு வாங்கிப் போட்டுட்டு இத உங்ககிட்ட குடுத்துடறேன் அண்ணி."

மைக்கில் முந்நூறு வரை எண்ணினான். ஒரு எண்ணும் தவறவில்லை. ஆனால் அதை நம்பி இதற்கு முன்பும் ஏமாந்திருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் அவள் ஜன்னலை மூடிவிட்டு வந்து மரத்தடுப்புக்குப் பின்னால் நின்றாள். மேனேஜர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். ஃபோனைக் கையில் காணவில்லை. இடைவேளை போனது. கடைசிக் காட்சியில் மகன், "என்கூட வந்திடறியாம்மா?" என்று கேட்டான். அம்மாவாக நடிக்கிற மூத்த நடிகை அதற்கு உடனே பதில் சொல்லமாட்டார். எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்பது ஒவ்வொரு நாளும் அவர் இஷ்டம்.

அரங்கம் அமைதியானது. ஒரு நொடி, இரண்டு, மூன்று. கொழுந்தனின் விரல்கள் மிக்ஸரின் மேல் தொடாமல் நின்றன. மேனேஜர் உண்மையிலேயே மூச்சை நிறுத்தியிருந்தார். நான்கு. ஐந்து. அவள் இலேசாகிப்போன சாவிக்கொத்தை விட்டுவிட்டுத் தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது நொடியில், பேச்சு வருவதற்கும் முன்னால், இரண்டு பக்கத்து ஒலிபெருக்கிகளிலிருந்தும், அந்த நடிகை மெல்ல மூச்சை இழுப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.