கிழங்கு சீவும் நேரம்

சக்கரம் மணலில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் கெர்ட் முன்னால் இழுக்க, நர்ஸ் ஹெர்மா பின்னால் தள்ள, படுக்கை வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போர்வைக் குவியலுக்குள் கிடந்த வீபெ, "மெதுவாப்பா. நான் இன்னும் சாகல," என்றார்.

"செத்தா சொல்லுங்க, வேகமாத் தள்ளுறோம்," என்றாள் ஹெர்மா.

அவர் மகள் ஃபென்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையிலிருந்த நீளக் கயிற்றின் மறுமுனையில் பிக்கெல் நான்கு கால்களையும் மணலில் ஊன்றி, வரவே மாட்டேன் என்று நின்றது.

பிக்கெல் என்றால் அவர்கள் மொழியில் சூரன். பெயரில் மட்டும்தான் சூரத்தனம். ருமேனியாவில் தெருத்தெருவாக அடிபட்டு, காப்பகம் வழியாக ஹாலந்து வந்து சேர்ந்த நாய் அது. காகிதப் பை சரசரத்தால் நடுங்கும். குடை விரிந்தால் நின்ற இடத்தையே நனைத்துவிடும். இந்த உலகத்தில் அது நம்பிய ஒரே ஆள் வீபெ. அவரும் கடைசி நாட்களுக்கான இல்லத்துக்குப் போய்விட, ஃபென்னாவின் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் குடித்தனம். அவள் தூங்கிய பிறகு வந்து தின்றுவிட்டுப் போகும். அவளும் கெஞ்சினாள், கொஞ்சினாள், தட்டை ஏந்திக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ம்ஹூம். கடைசியில் காப்பகத்துக்குப் போன் செய்துவிட்டாள். நாளைக்கு ஆள் வருகிறது. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாகப்போகிறவர்களை ஆசைப்பட்ட இடத்துக்கு ஒருநாள் கூட்டிப்போய் வரும் ஆம்புலன்ஸ் அது. கெர்ட்டும் ஹெர்மாவும் காசு வாங்காமல் வருகிறவர்கள். என்ன ஆசை என்று கேட்டதற்கு வீபெ, "கடல். நாயோட," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கடல் வந்துவிட்டது. நாய்தான் வரவில்லை.

"பிக்கெல், வாடா! அப்பாவைப் பாருடா!" ஃபென்னா கத்தினாள். ஹெர்மா விசிலடித்தாள். கெர்ட் கடையில் வாங்கிய பொரித்த மீனை நீட்டினார். கூப்பிடக் கூப்பிட அது வாலை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. அப்பாவின் மேல் இப்போது மருந்து வாடைதான் அடிக்கிறது, அதுவும் என்ன செய்யும்? ஃபென்னாவுக்கு அழுகை முட்டியது.

"நீங்க கூப்பிடுங்கப்பா. உங்க குரலுக்கு வரும்."

"கூப்பிடவே கூடாது. எல்லாரும் அதையே மொறச்சுக்கிட்டு நின்னா எப்படி வரும்? திரும்புங்க. கடலைப் பாத்துக்கிட்டு மீனைத் தின்னுங்க."

"இது நாய்க்கு வாங்கினது," என்றார் கெர்ட்.

"ஆறிப்போயிடும்யா. தின்னு."

மூவரும் நாய்க்கு முதுகைக் காட்டி நின்று மீன் தின்றார்கள். அந்த வழியாக நடந்து போன ஒருவர், கப்பல் ஏதும் கவிழ்ந்துவிட்டதோ என்று தானும் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"எவ்ளோ நேரம்ப்பா?"

"அது வர்ற வரைக்கும்." வீபெ மூச்சு வாங்கினார். "நீயும் இப்படித்தான். கோவம் வந்தா மாடிப்படியில போய் உக்காந்துக்குவ. கூப்பிட்டா இன்னும் ரெண்டு படி மேல ஏறுவ. அதான் நான் திரும்பி உக்காந்து கிழங்கு சீவுவேன்."

அந்த முதுகு ஃபென்னாவுக்கு நன்றாக நினைவிருந்தது. நான் அழும்போதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கிழங்கு சீவிய மனுஷன் எங்கப்பா என்று எத்தனை பேரிடம் சொல்லிக் குறைபட்டிருக்கிறாள்! அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதுதான் நினைவில் இல்லை.

"அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

"இறங்கி வருவ. பக்கத்துல உக்காந்து தோலைப் பொறுக்குவ."

ஃபென்னாவின் கையிலிருந்த கயிறு தொய்ந்தது. முதுகுக்குப் பின்னால் மணல் மெல்ல நறநறத்தது.

"ம்... வந்துட்டியா," என்றார் வீபெ. அது இவர்களிடம் சொன்னது இல்லை.

"இப்ப திரும்பலாமாப்பா?"

"வேணாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நாயிடம் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. ஃபென்னாவுக்கு நாயின்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திரும்பும் வழியில் பிக்கெல் போர்வைக்குள் தலையைப் புதைத்துக் கிடந்தது. "இவனை வச்சுக்குவியா?" என்று வீபெ கேட்டார்.

"ம்," என்றாள் ஃபென்னா. பொய்தான். அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, காபி வருவதற்கு முன்பே அவர் உயிர் பிரிந்தது. ஃபென்னா பக்கத்தில்தான் இருந்தாள். இல்லத்து நர்ஸ் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர், சடங்கு முடிந்ததும் காபியோடு கேக் கொடுப்பதா, ரொட்டி கொடுப்பதா என்று போனில் கேட்டார். கேக் என்றாள். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பிக்கெல் மறுபடியும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. நேற்றைய கடலும் காற்றும் கனவோ என்பதுபோல இரண்டு கண்கள் மட்டும் இருட்டில் தெரிந்தன. கூப்பிட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள்.

கிழங்குக் கூடையையும் கத்தியையும் எடுத்துவந்து, மெஷினுக்கு முதுகைக் காட்டிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஓர் ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்காமல் சீவினாள். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கிச் சொட்டியது. துடைக்கவில்லை. தோல் தரையில் குவிந்தது.

நகங்கள் தரையில் டிக் டிக்கென்று கேட்டன. நின்றன. மறுபடி கேட்டன. குவியலின் ஓரத்திலிருந்து ஒரு தோல் நகர்ந்தது. ஈரமான மூக்கு ஒன்று அவள் முழங்கையைத் தொட்டது.

வாசல் மணி அடித்தது. காப்பகத்து ஆள்.

நாயின் உடம்பு வெடவெடத்தது. ஆனால் ஓடவில்லை. அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மணி மறுபடியும் அடித்தது. ஃபென்னா அசையாமல் கூடையிலிருந்து அடுத்த கிழங்கை எடுத்தாள்.